முதல் குதிரைக்கு முன்கூட்டியே வாங்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை

முதல் முறையாகக் குதிரை வாங்கப் போவதாகச் சொல்லி, சேணம், கடிவாளம், பிரஷ் செட், போர்வை, கால் பட்டைகள் என்று ஒரு பட்டியல் அனுப்பி, விட்டுப்போனது எதுவும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுப்போனது நிறைய. அதைவிட அந்த வரிசைதான் எனக்கு உறுத்துகிறது. சேணம் முதல் வரியில் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியைக் காணவே காணோம்.

குதிரை வந்து இறங்கும் அன்று சேணம் இல்லையென்றால் எதுவும் கெட்டுவிடாது. சொல்லப்போனால் சேணம் அன்று இருக்கவே கூடாது என்பேன், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் தண்ணீர், புல், நிற்க இடம், பிடித்து நடத்த ஒரு கயிறு, குளம்பு சுரண்டி, தெர்மாமீட்டர், எட்டும் தூரத்தில் ஒரு கால்நடை மருத்துவர் ஆகிய ஏழும் குதிரைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். மற்றதையெல்லாம் குதிரையைப் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். சுமார் 450 கிலோ எடையுள்ள குதிரை வேலை எதுவும் இல்லாமல் நின்றாலே நாளொன்றுக்கு 25 முதல் 35 லிட்டர் குடிக்கும். வெயிலும் வேலையும் சேர்ந்தால் இது இரட்டிப்பாகலாம். எனவே ஒரு வாளி போதாது. கெட்டியான ரப்பர் வாளிகள் இரண்டு, அல்லது கூர்விளிம்பு இல்லாத தொட்டி ஒன்று வேண்டும். தானாக நிரம்பும் தண்ணீர்க் கிண்ணம் பலருக்கும் பிடிக்கும். எனக்கு அதில் ஒரு குறை உண்டு: குதிரை எவ்வளவு குடித்தது என்று தெரியாது. உடம்பு சரியில்லாத குதிரை முதலில் குறைத்துக்கொள்வது தண்ணீரையும் தீனியையும்தான். காலையில் வாளி பாதி நிறைந்தே நின்றால் கண்ணில் படும். தினமும் தேய்த்துக் கழுவ ஒரு பிரஷும் வாங்குங்கள். பாசி வாடை வந்தால் சில குதிரைகள் தாகத்தோடே நிற்கும்.

அடுத்தது புல். குதிரைக்கு உடலைப் பார்க்கையில் வயிறு சின்னது, இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான். ஆனால் அதில் அமிலம் இடைவிடாமல் சுரக்கிறது. அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் சுரக்கும். ஆகவே பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் இரைப்பையில் புண் வரும், கோலிக் என்கிற வயிற்றுச் சூலைக்கும் வழி திறக்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே போனது தவறென்றால் அது வெளியேற வாய் வழி கிடையாது.

கணக்கு இதுதான்: உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் உலர்புல், எந்த நிலையிலும் 1.5 சதவீதத்துக்குக் குறையாமல். 425 கிலோ குதிரைக்கு 8.5 கிலோ வரும். இதை ஒரே தடவையில் கொட்டாமல் நாள் முழுக்க மென்றுகொண்டிருக்கும்படி பிரித்துப் போட வேண்டும். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. வைக்கோலில் சத்து குறைவு, அதை மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது. புல்கட்டு வாங்கும்போது நடுவில் பிரித்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலோ உதறும்போது தூசி பறந்தாலோ வேண்டாம், குதிரையின் நுரையீரல் அதைத் தாங்காது. புல்லைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்கி வையுங்கள். சரியாகக் காயாத கட்டு உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் முடிந்தவரை லாயத்தை விட்டுத் தள்ளி ஒரு கொட்டகையில் இருப்பு வைப்பது நல்லது. லாயத்து வாசலில் ஒரு தீயணைப்பானும் இருக்கட்டும்.

புல்லைப் போட வலைப்பை வாங்கினால் உயரக் கட்டுங்கள். நிறைந்திருக்கும்போது சரியாகத் தெரியும் வலை, காலியானதும் தொங்கிக் கீழே வரும். குதிரையின் கால் அதில் மாட்டும். லாடம் கட்டிய கால் என்றால் இன்னும் மோசம். தரையில் போடுவது குதிரைக்கு இயல்பான கழுத்து நிலைதான், ஆனால் மணல் தரையில் போடாதீர்கள். புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலில் தங்கும். ஒரு ரப்பர் விரிப்போ அகலத் தொட்டியோ போதும்.

இனி, புதிதாக வாங்குபவர்களின் பட்டியலில் அநேகமாக இருக்காத ஒன்று: அளக்கும் கருவிகள். ஒரு தொங்கு தராசு, ஒரு அளவு நாடா, ஒரு தெர்மாமீட்டர். லாயத்தில் இருக்கும் பொருள்களிலேயே விலை குறைந்தவை இவைதான் என்று நினைக்கிறேன், ஆனால் ஆயிரம் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பவையும் இவையே.

தராசு ஏன் என்றால், குதிரைத் தீனியை எடை பார்த்துத்தான் போட வேண்டும், குவளைக் கணக்கு உதவாது. ஒரு குவளை ஓட்ஸையும் அதே குவளை மக்காச்சோளத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் எடையிலும் கூடுதல், கிலோவுக்குத் தரும் ஆற்றலிலும் கூடுதல். இரண்டும் சேர்ந்து ஒரு குவளைக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் உள்ளே போய்விடும். தானியம் கொடுப்பதென்றால் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டாதீர்கள். லேசான சவாரிக்கு மட்டும் போகும் குதிரைக்கு நல்ல புல்லும் உப்பும் கொஞ்சம் தாதுச்சத்தும் இருந்தால் தானியமே தேவைப்படாமல் போகலாம். மூட்டையைத் திறக்கும் முன் அதை யோசியுங்கள்.

அளவு நாடா எதற்கென்றால், குதிரையை ஏற்றி நிறுத்தும் எடைமேடை எல்லோரிடமும் இருக்காது. கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் உயர்ந்து நிற்கும் தோள்மேட்டுக்குப் பின்னால் உடலைச் சுற்றி மார்புச் சுற்றளவு எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடையின் கோடி எலும்பு வரை நீளம் எடுங்கள். இரண்டும் செ.மீ. கணக்கில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 175, நீளம் 165 என்றால் சுமார் 425 கிலோ. துல்லியம் இல்லை, ஆனால் கண்ணால் மதிப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். குடற்புழு மருந்தின் அளவும் இந்த எண்ணைப் பொறுத்ததே. குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். லத்தியைப் பரிசோதனைக்கு அனுப்பிப் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்த பிறகு மருந்து கொடுப்பதே இப்போது மருத்துவர்கள் சொல்லும் முறை. நாள்காட்டியைப் பார்த்து எல்லாக் குதிரைக்கும் ஒன்றுபோல் கொடுப்பது பழைய வழக்கம்.

தீனி வைக்கும் டப்பாவுக்கு இரண்டு நிபந்தனை: எலி புகக்கூடாது, குதிரையால் திறக்க முடியக்கூடாது. தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொள்ளும் குதிரைகள் உண்டு, விளையாட்டாக எண்ணாதீர்கள். ஒரு மூட்டைத் தானியத்தை ஒரே மூச்சில் தின்ற குதிரைக்குச் சூலையும் வரும், குளம்புக்குள் வீக்கம் உண்டாகும் லாமினைட்டிஸும் வரும். இரண்டுமே உயிர் பறிக்கும். இன்னொரு எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் எழுதி டப்பா மேல் ஒட்டுங்கள்: மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் குதிரைக்குக் கூடாது. அவற்றில் பலவற்றில் மோனென்சின் என்ற மருந்து சேர்த்திருப்பார்கள். மாடும் கோழியும் அதைத் தாங்கும். குதிரைக்கோ மிகச் சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். ஒரே கொட்டகையில் பல கால்நடைகள் இருந்தால் கரண்டிகூடத் தனியாக இருக்கட்டும்.

உப்புக்கட்டி ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் மாட்டின் நாக்கைப் போலக் குதிரையின் நாக்கு சொரசொரப்பானது அல்ல. சில குதிரைகள் கட்டியை நக்கியே தேவையான அளவைப் பெறுவதில்லை. நாளுக்கு 25 முதல் 30 கிராம் பொடியுப்பைத் தீனியில் கலந்துவிடுவது எளிது. வியர்வை அதிகமானால் கூட்டிக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: நடுத்தர உயரக் குதிரைக்கு 3.6 மீட்டருக்கு 3.6 மீட்டர் அறை, மேலே காற்று வெளியேற வழி, வழுக்காத தரை. படுக்கைக்கு மரச்சீவலோ வைக்கோலோ தூசியில்லாமல் இருந்தால் சரி. ஆனால் மரச்சீவல் எந்த மரத்தினுடையது என்று கேளுங்கள். கறுப்பு வால்நட் மரச்சீவலின் மேல் நின்றாலே சில மணி நேரத்தில் லாமினைட்டிஸ் வரக்கூடும். லத்தியும் சிறுநீரும் சேர்ந்து நாளொன்றுக்கு 20 கிலோவுக்கு மேல் அள்ள வேண்டியிருக்கும். இதைச் சொன்னால் பலருக்குத் திகைப்பாக இருக்கும். நல்ல கவைக்கோல், மண்வெட்டி, தள்ளுவண்டி, துடைப்பம், எருக்குழி ஆகியவற்றை முதல் நாளே தயார் செய்யுங்கள். தள்ளுவண்டியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், லாயத்தில் அதிகம் உழைப்பது அதுதான். வேலி எதுவானாலும் முள்கம்பி வேண்டாம். பயந்து ஓடும் குதிரை கண்ணுக்குத் தெரியாத கம்பியில் மோதிக் காலைக் கிழித்துக்கொள்ளும். அகலப் பட்டை வேலியோ மரச்சட்டமோ போடுங்கள். குதிரை கூட்டத்தில் வாழும் விலங்கு. பக்கத்தில் இன்னொரு குதிரை இல்லாமல் தனியே நிறுத்துவது அதற்குப் பெரிய வாதை. இது கடையில் கிடைக்கும் பொருளல்ல, ஆனாலும் பட்டியலில் இருக்க வேண்டும்.

பிடித்து நடத்துவதற்கு ஹால்டர் என்கிற முகப்பட்டை ஒன்றும், சுமார் 3 மீட்டர் நீளத்தில் கைக்கு அடக்கமான தடித்த பருத்திக் கயிறு ஒன்றும் போதும். நைலான் பட்டை மலிவு, அறுந்து போகாது. அந்தக் கடைசிக் குணம்தான் அதன் குற்றம். குதிரை எதிலாவது மாட்டிக்கொண்டு பின்வாங்கினால் பட்டை அறுவதே நல்லது, கழுத்து தாங்காது. தலைப்பக்கம் தோல் வார் வைத்த பட்டையாக வாங்குங்கள், மேய விடும்போது கழற்றிவிடுங்கள். கட்டி நிறுத்தும்போது கயிற்றை நேராக வளையத்தில் கட்டாமல், வளையத்தில் ஒரு மெல்லிய சணல் கண்ணி போட்டு அதில் கட்டுங்கள். வேகமாக இழுத்தால் சணல் அறும். முடிச்சு ஒரு இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் போனவர்கள் உண்டு. கையுறை ஒரு ஜோடி கூடவே வாங்கிவிடுங்கள்.

குளம்பு சுரண்டி சின்னப் பொருள், தொலைந்துபோவதில் மன்னன். மூன்று நான்கு வாங்கி ஆங்காங்கே தொங்கவிடுங்கள். தினமும் ஒரு தடவையும், சவாரிக்கு முன்னும் பின்னும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். குதிகாலிலிருந்து முன்முனை நோக்கிச் சுரண்டுங்கள். குளம்பின் நடுவில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியை அழுத்திக் குத்தாதீர்கள், அதன் இருபுறப் பள்ளங்களை மட்டும் மெதுவாகத் துழாவுங்கள். கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அது குளம்பழுகல். ஈரப் படுக்கைதான் பெரும்பாலும் காரணம். குளம்பில் அசாதாரணச் சூடு, காலை ஊன்றத் தயங்குதல், சிக்கிய கல் எல்லாம் இந்த இரண்டு நிமிட வேலையில்தான் தெரிய வரும். குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் லாடம் கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து சீவ வேண்டும். நல்ல லாடக்காரர் கிடைப்பது கஷ்டம், குதிரை வாங்கும் முன்பே அவரைத் தேடி வையுங்கள்.

உடம்பு தேய்க்க: வட்டமாகத் தேய்க்கும் ரப்பர் சீப்பு, மண்ணை உதறும் கடின பிரஷ், முகத்துக்கும் காலுக்கும் மென்மையான பிரஷ், வியர்வை வழிக்கும் பட்டை, இரண்டு ஸ்பாஞ்சு. இவ்வளவுதான், இருபது உருப்படி கொண்ட பெட்டி வேண்டாம். இன்னொரு குதிரையின் பிரஷைக் கடன் வாங்காதீர்கள், படர்தாமரை அப்படித்தான் பரவுகிறது. ஈக்கள் மொய்க்கும் இடமானால் பார்வையை மறைக்காத வலை முகமூடி ஒன்று உதவும்.

முதலுதவிப் பெட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அதில் முதலிடம் தெர்மாமீட்டருக்கு. ஆசனவாயில் வைத்து எடுப்பது என்பதால் அதன் முனையில் ஒரு நூல் கட்டி, ஒரு கிளிப்பால் வாலில் மாட்டிவிடுங்கள். குதிரைக்கு நேர்ப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில், உடலை ஒட்டி நில்லுங்கள். வளர்ந்த குதிரைக்கு இயல்பான வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து எண்ணலாம், ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால். மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16. ஈறு ஈரமாக இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடத்தில் 2 நொடிக்குள் இரத்தம் திரும்ப வேண்டும். காதை விலாப்புறத்தில் வைத்தால் குடல் சத்தம் கேட்க வேண்டும்; நிசப்தம் நல்ல அறிகுறி இல்லை. குதிரை வந்த முதல் வாரத்தில் இதையெல்லாம் தினமும் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் குதிரைக்கு எது இயல்பு என்று அப்போதுதான் தெரியும். நடுராத்திரியில் மருத்துவரை அழைக்கும்போது "ஒரு மாதிரி இருக்கிறது" என்பதற்கும் "துடிப்பு 64, காலையிலிருந்து லத்தி போடவில்லை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

காயத்துக்கு உப்புநீர்: கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெளிறிய தேநீரின் நிறம் வரும் வரை தண்ணீர் கலந்தே பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துப் பலர் திருப்திப்படுகிறார்கள்; அது ஆறும் சதையையும் சேர்த்து அரிக்கிறது. ஒட்டாத காயத்துணி, பஞ்சுச் சுருள், தன்மேல் தானே ஒட்டும் மீள்கட்டு, மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், கையுறை, டார்ச்சு. கூடவே குழந்தைகளுக்கான டயப்பர் சிலவும் அகலமான ஒட்டுநாடாவும். அடிபட்ட குளம்புக்கு இதைவிடப் பொருத்தமான கட்டு கிடையாது. குளம்பில் ஆணி ஏறியிருந்தால், மேலும் உள்ளே போகும் ஆபத்து இல்லாதவரை பிடுங்காதீர்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று மருத்துவர் எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். டெட்டனஸ் கிருமிக்குக் குதிரை மிக எளிதில் பலியாகும், தடுப்பூசி விட்டுப்போகக் கூடாது.

பெட்டியில் இருக்கக் கூடாதவையும் உண்டு. வலி ஊசி மருந்தை நீங்களாகப் போடாதீர்கள். சூலைக்குப் பரவலாகப் போடும் ஃபுளூனிக்சினைத் தசையில் குத்தினால் அந்த இடம் அழுகி உயிருக்கே ஆபத்தாகலாம். வலியை மறைத்துவிட்டால் நோயின் போக்கும் மருத்துவருக்குத் தெரியாமல் போகும். மீந்துபோன கண் மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் கீறல் இருந்தால், பார்வை போய்விடும். தரையைப் பிராண்டுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, உருள்வது, தீனியைத் தொடாமல் நிற்பது எல்லாம் சூலையின் அடையாளங்கள். தீனியை எடுத்துவிட்டு உடனே அழையுங்கள்.

இப்போது சேணம். இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், குதிரையின் முதுகைப் பார்க்காமல் வாங்கும் சேணம் பெரும்பாலும் வீண். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். முதுகெலும்பின் மேல் நெடுகிலும் அழுத்தம் படாத வாய்க்கால் இருக்க வேண்டும். பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. பொருந்தாத சேணத்தைத் தடித்த விரிப்புப் போட்டுச் சரிக்கட்டலாம் என்பது இறுகிய செருப்புக்குள் இன்னொரு காலுறை போடுகிற வேலை. சவாரி முடிந்து கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள்: நனைந்த பரப்பின் நடுவே காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்துகிறது. அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்திருந்தால் நெடுநாள் அழுத்தியிருக்கிறது என்று பொருள். குதிரை இளைத்தாலும் பெருத்தாலும் பொருத்தம் மாறும். மலிவான புதுச் சேணத்தைவிட நல்ல பழைய சேணத்தையே நான் சொல்வேன். வாங்கும்போது முன்னும் பின்னும் பிடித்து வளைத்துப் பாருங்கள். நடுவில் நொடித்தாலோ கிறீச்சிட்டாலோ உள்ளே சட்டம் உடைந்திருக்கிறது. வயிற்றுப்பட்டை மாட்டும் வார்களின் தையலை இழுத்துப் பாருங்கள், உங்கள் உயிர் தொங்குவது அந்த நூலில்.

கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் வாயிரும்பு, மூட்டு வைத்த எளிய வகையாக இருந்தால் போதும். முன்பு எதைப் போட்டார்களோ அதே அகலம், அதே வகை. கடுமையான வாயிரும்பைப் பூட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், முதலில் பல்லைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்ந்து கன்னத்தைக் குத்தும் குதிரை தலையை உதறத்தான் செய்யும். வருடத்துக்கு ஒருமுறை பல் பார்ப்பது அவசியம்.

உங்களுக்கு வேண்டியது இரண்டே: குதிரைச் சவாரிக்கென்றே சான்று பெற்ற தலைக்கவசம், குதிகால் உள்ள பூட்ஸ். சைக்கிள் கவசம் இதற்கு ஆகாது. கவசம் புதிதாகவே இருக்கட்டும், ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். கீழே நின்று குதிரையைக் கையாளும்போதும் அணியுங்கள். சவாரியில் கால் வைக்கும் அங்கவடி உங்கள் பூட்ஸைவிட சுமார் 2.5 செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். விழும்போது கால் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக.

உங்கள் பட்டியலில் அடிக்க வேண்டியவை: கால் பட்டைகள், ஏனென்றால் கட்டத் தெரியாமல் கட்டினால் தசைநாணைக் கெடுக்கும். போர்வை; நல்ல உடம்பும் முழு முடியும் ஒதுங்க இடமும் உள்ள குதிரைக்கு அநேகமாகத் தேவையில்லை. முடி வெட்டிய குதிரை, வயதான குதிரை, மெலிந்த குதிரை என்றால் யோசிக்கலாம். குளம்பு எண்ணெய், சத்துப் பொடி டப்பாக்கள், முடிவெட்டும் இயந்திரம் எல்லாம் யாராவது காரணத்தோடு கேட்கும் வரை வேண்டாம். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள், அவசர வைத்தியம் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

விற்பவரிடம் கைமாறும் அன்று கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. அங்கே தின்றுகொண்டிருந்த தீனியும் புல்லும் இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு. புதிய தீனிக்கு மாறுவது 7 முதல் 14 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், குடலில் உள்ள நுண்ணுயிர்கள் பழக நாளாகும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல், லாடம் நான்குக்கும் கடைசித் தேதி. இப்போது போட்டிருக்கும் வாயிரும்பின் அளவு. இதற்கு முன் சூலையோ லாமினைட்டிஸோ வந்ததா என்ற கேள்வி. பதிலை அந்த முதல் வார நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.